காட்டிக்கொடுப்பவன் இல்லாத வருஷம்

என் அப்பாவின் முதுகில் முதல் மண்ணாங்கட்டி விழுந்தபோது கைதட்டிச் சிரித்தவர்களில் ஆண்டவர் வேஷம் போட்டவரும் ஒருவர்.

அது ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கோயில் மைதானத்தில் ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளின் நாடகம் முடிந்து, அப்பா வேஷத்தைக் கலைக்காமல் வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். ஆட்டு மயிரில் செய்த சிவப்புத் தாடி, மஞ்சள் அங்கி, இடுப்பில் ஒரு சுருக்குப் பை. மற்ற நடிகர்கள் எல்லாம் கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையிலேயே முகத்தைக் கழுவி, தலை வாரி, மாப்பிள்ளை மாதிரி வெளியே வருவார்கள். அப்பாவுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. அவர் வேஷத்தோடுதான் வீடு வரை நடக்க வேண்டும். தெரு அவரை ஏசும், பையன்கள் மண்ணை வாரி எறிவார்கள், அவர் தலையைக் குனிந்துகொண்டு ஓட வேண்டும். எங்கள் தெருவில் அது வழக்கம்.

அந்த வருஷம் மண்ணைவிடச் சாணி அதிகமாக வந்தது. வாசலில் வந்து நின்ற அப்பாவின் தலையில் அம்மா ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினாள். தாடியின் சாயம் கரைந்து படியில் சிவப்பாக ஓடியது. நனைந்த ஆட்டின் வாடை வீட்டுக்குள் வந்தது.

"விளையாட்டுக்குத்தானே, ஞானம்" என்றார் அப்பா.

"உங்களுக்கு விளையாட்டு. தொவைக்கிறவ நானு" என்றாள் அம்மா.

அக்கா பிலோமி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். எதிர்வீட்டு வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு வயசான அம்மாள் எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிலோமியைத் தன் மகனுக்குக் கேட்டு, கோலார் தங்கவயலிலிருந்து வந்திருந்தவள் அவள். பெயர் செபஸ்தியம்மாள். மறுவாரம் ஈஸ்டர் திங்களன்று வெற்றிலை பாக்கு மாற்றுவதாகப் பேச்சு.

வழிகாட்டிக்காரருக்கு ஒரு வார்த்தை

சென்ற வாரம் இந்தப் பத்திரிகையில் எங்கள் பக்கத்து ரொட்டிக் கடைகளைப் பற்றி எழுதியதற்கு, 'கொஞ்சம் கோபத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் அம்மா' என்று ஆசிரியர் சொல்லியனுப்பினார். குறைத்துக்கொள்வதாகத்தான் இருந்தேன். அதற்குள் யாரோ புண்ணியவான் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். பெங்களூருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வழிகாட்டியாம். எங்கே என்ன சாப்பிடலாம், எந்தப் பேட்டையில் என்ன திருவிழா, எங்கே என்ன நாடகம் என்று வழவழப்பான தாளில் அச்சடித்திருக்கிறார்கள்.

மல்லேஸ்வரத்துக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்திருக்கிறது. கோயில், பூக்கடை, காபி. கொடுக்கட்டும். மல்லேஸ்வரத்துக் காபியை நானும் குடித்திருக்கிறேன், குறை சொல்ல மாட்டேன். எங்கள் தண்டுக்கு, அதாவது பட்டாளத்துப் பாளயத்தைச் சுற்றி வளர்ந்த எங்கள் பகுதிக்கு, ஒரே ஒரு பத்தி. துரைமார் கடைகள், பரேடு மைதானம், அதற்கப்புறம் 'இங்கே தமிழர்கள் பலர் வசிக்கிறார்கள்'. வசிக்கிறார்களாம். காக்கையுந்தான் வசிக்கிறது.

கடைசியில் ஒரு வரி. தண்டுக் கோயில்களில் குருத்து ஞாயிறன்று பக்தி நாடகம் நடக்கும், பார்க்கத்தக்கது என்று. இதைப் படித்துவிட்டுத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். எழுதினவர் ஒரு நாடகத்தையாவது தரையில் உட்கார்ந்து பார்த்திருப்பாரா? சரி, அவருக்குத் தெரியாததை நான் சொல்கிறேன். நான் சொல்வது முப்பதுகளில் நடந்த சங்கதி. எனக்கு அப்போது பாவாடை கட்டுகிற வயசு.

எங்கள் தெரு காக்ஸ் டவுனின் ஓரத்தில் இருந்தது. ஓட்டு வீடுகள், முன்னால் ஆளுக்கொரு வராந்தா, வேலியில் ரோஜாச்செடி. ஆண்பிள்ளைகள் பட்டாளத்து டிப்போவில் குமாஸ்தா, ரயில்வேயில் டிக்கெட் கலெக்டர், பள்ளிக்கூடத்தில் வாத்தியார். விடியற்காலையில் ரொட்டி அடுப்பின் வாசனை வரும். அதன் பின்னாலேயே பாணஸ்வாடியிலிருந்து பால்காரம்மா வருவாள். அவள் கன்னடத்தில் பேச, அம்மா தமிழில் பதில் சொல்ல, இரண்டு பேருக்கும் எல்லாம் விளங்கிவிடும்.

ஈஸ்டருக்கு முந்தின தபசுக் காலம் நாற்பது நாளும் தெருவில் மாமிசம் கிடையாது. பெரிய வெள்ளிக்கிழமை அன்று கோயிலில் கஞ்சியும் பயற்றுத் துவையலும் ஊற்றுவார்கள். அன்றைக்கு மட்டும் ரொட்டிக் கடையில் மேலே சிலுவை கீறிய இனிப்பு பன் கிடைக்கும். அது துரைமார் வழக்கம். ஆனால் துரைமாரைவிட நாங்கள்தான் அதிகம் தின்றோம். பாதி பன்னைக் கஞ்சியில் தோய்த்துத் தின்கிற வித்தை எந்தத் துரைக்கும் தெரியாது. ஈஸ்டர் காலையில் வீட்டுக்கு வீடு பன்றிக்கறி வறுவல் மணக்கும். அந்த வாசனையில் நாற்பது நாள் தவமும் ஒரு நிமிஷத்தில் காற்றில் போகும்.

இதெல்லாம் வழிகாட்டியில் இல்லை. நான் சொல்ல வந்ததும் இது இல்லை.

முப்பது

ஆண்டவரை முப்பது வெள்ளிக் காசுக்குக் காட்டிக்கொடுத்த சீடனின் பெயர் உலகத்துக்கே தெரியும். எங்கள் தெருவில் மட்டும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் நாக்கில் கொப்புளம் கிளம்புமாம். அதனால் அந்த வேஷத்துக்கு 'முப்பது' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"இந்த வருஷம் முப்பது யாரு?"

"வேற யாரு, நம்ம அந்தோணிசாமிதான்."

அந்தோணிசாமி என் அப்பா. டிப்போவில் குமாஸ்தா. வீட்டில் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. செருப்புக் கடிக்கிறது என்றுகூட மெதுவாகத்தான் சொல்வார். மேடை ஏறினால் வேறு ஆள். சுருக்குப் பையைக் கையில் வாங்கி, அதைக் குலுக்கிப் பார்த்து, யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை பார்ப்பார். பெண்கள் பக்கத்திலிருந்து "பாவி, பாவி" என்று குரல் கிளம்பும். ஒருமுறை ஒரு கிழவி கைத்தடியை எடுத்துக்கொண்டு மேடைக்கே ஏறிவிட்டாள்.

யாரும் அந்த வேஷத்துக்கு முன்வராததால்தான் அப்பா போட்டார். ஆரம்பித்தது அப்படி. பிறகு அவரைத் தவிர வேறு யாராலும் அதைச் செய்ய முடியாது என்று ஆகிவிட்டது.

தகரக் கொட்டகையில் கற்றது

அப்பாவுக்கு நடிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம் மைதானத்தில் போட்ட தகரக் கொட்டகையிலிருந்து வந்தது. மதராஸ் பக்கத்திலிருந்து நாடகக் கம்பெனிகள் வந்து மாசக்கணக்கில் ஆடும். அப்பா தரை டிக்கெட்காரர். பொட்டலம் வேர்க்கடலையோடு உள்ளே போனால், இடைவேளையில் மசால்வடை, கோலி சோடா. ஆட்டம் பிடித்துவிட்டால் ஜனங்கள் 'ஒன்ஸ் மோர்' என்று கூரையைப் பிய்ப்பார்கள். செத்து விழுந்த ராஜா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு மறுபடி பாடிவிட்டு மறுபடி சாவார்.

அந்தக் கொட்டகையில் அசுரன் வேஷக்காரனுக்குத்தான் மவுசு. தண்டு வியாபாரிகள் மேடைக்கே போய் அவன் மார்பில் மெடல் குத்துவார்கள். மறுநாள் அவன் கடைத்தெருவில் நடந்தால் டீக்கடைக்காரர் கூப்பிட்டு டீ கொடுப்பார். 'நேத்து எங்களை நடுங்க வெச்சிட்டீங்களே' என்று கும்பிடுவார்கள். எந்தப் பையனும் அவன்மேல் சாணி எறிந்ததில்லை.

தாடி, கிரீடம், கத்தி எல்லாம் வாடகைக்கு விடுகிற ரஹீம் பாய் கடை மார்க்கெட்டுக்குப் பின்சந்தில். நாடகத்துக்கு மறுநாள் நான் அப்பாவோடு தாடியைத் திருப்பிக் கொடுக்கப் போவேன். ரஹீம் பாய் தாடியில் ஒட்டியிருந்த சாணியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

"கியா சாமி இது! கொட்டாயில அசுரன் கட்றவனுக்கு மெடல் குத்துறான். உங்க தெருவுல சாணி அடிக்கிறான். நல்லா ஆடினதுக்கா இது?"

"அது பக்தி பாய்" என்பார் அப்பா.

"நம்ம தாடி இன்னா பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டுக்கொண்டே பாய் அதை வாளித் தண்ணீரில் அமுக்குவார்.

பக்தியாம். எனக்கு அந்த வயசிலேயே அந்த வார்த்தை பிடிக்காமல் போயிற்று.

ஆண்டவருக்கு வசனம் மறந்தால்

ஆண்டவர் வேஷம் எதிர்வீட்டுச் சின்னப்பனுக்கு. அவருடைய தாத்தா கோயில் நாடகத்துக்கு வெல்வெட் திரை வாங்கிக் கொடுத்தாராம். அதனால் அந்த வேஷம் அந்த வீட்டுச் சொத்து. நல்ல நீள முகம், சிவப்பு, முடியை வளர்த்து விட்டால் படத்தில் இருக்கிற மாதிரியே இருப்பார். அதற்குமேல் அவரிடம் எதுவும் எதிர்பார்க்கக் கூடாது.

தபசுக் காலம் பூரா தெரு அவரைத் தாங்கும். ரயிலில் வருகிற கடல்மீனில் முதல் துண்டு அவர் வீட்டுக்கு. பெண்பிள்ளைகள் அவரைக் கண்டால் முந்தானையை இழுத்துவிட்டு ஒதுங்குவார்கள். நோயாளிக் குழந்தைகளை அவரிடம் கொண்டுபோய்த் தலையில் கை வைக்கச் சொன்னவர்களும் உண்டு. அவரும் வைப்பார். இதே மனுஷர் மற்ற மாதங்களில் வேலைக்காரியை மிளகாய் திருடியதாகச் சொல்லி மழையில் வெளியே நிறுத்தியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இவருக்கு வசனம் நிற்காது. சீடர்களோடு சாப்பிடுகிற கடைசி இராப்போஜனக் காட்சியில் பாதி பேசிவிட்டு வானத்தைப் பார்ப்பார். ஜனங்கள் அவர் பிதாவோடு பேசுகிறார் என்று நினைத்துக் கண்ணைத் துடைப்பார்கள். பக்கத்தில் முப்பதாக உட்கார்ந்திருக்கும் என் அப்பா, தாடிக்குள் உதடு அசையாமல், அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பார். ஒத்திகையிலிருந்தே அப்பாவுக்கு அவருடைய இடது கைப் பக்கம் என்று இடம் ஒதுக்கியிருந்தது அதற்குத்தான். தோட்டத்தில் சேவகர்கள் பிடிக்க வருகிற காட்சியிலும் அப்படியே. காட்டிக்கொடுக்கிறவனே ஆண்டவருக்கு வார்த்தையும் எடுத்துக் கொடுத்தான். நாடகக்காரர்கள் எல்லாருக்கும் இது தெரியும். தெருவுக்கும் தெரியும்.

ஈஸ்டர் அன்று நடிகர்கள் வீட்டுக்குத் தெரு தட்டு அனுப்பும். வறுவல், அச்சுமுறுக்கு, வாழைப்பழம். சேவகர்களாக ஈட்டி பிடித்து நின்றவர்களுக்குக்கூட உண்டு. முப்பது வீட்டுக்கு அனுப்புவதில்லை. அனுப்பினால் அந்தப் பாவத்தில் பங்கு வருமாம். ஆனால் மறுநாள் எங்கள் வீட்டிலிருந்து தெருவுக்குத் தட்டு போகும். அம்மா ஒரு வீடு விடாமல் அனுப்புவாள். அதை வாங்கிக்கொள்வதில் யாருக்கும் எந்தப் பாவமும் வரவில்லை. தட்டைக் கழுவித் திருப்பி அனுப்புவார்கள், அவ்வளவுதான்.

தங்கவயல் அம்மாள்

செபஸ்தியம்மாள் சின்னப்பன் சம்சாரத்துக்கு ஒன்றுவிட்ட அக்கா. தைமாதத்தில் ஒரு கல்யாணத்தில் பிலோமியைப் பார்த்துவிட்டு அவளாகவே கேட்டாள். பையனுக்குச் சுரங்க ஆபீசில் உத்தியோகம். அவனும் பிலோமியைப் பார்த்திருந்தான், பிலோமியும் பார்த்திருந்தாள். எங்கள் வீட்டில் அந்த இரண்டு மாதமும் ஒரே சந்தோஷம். பிலோமி குரோஷா ஊசியை வைத்துக்கொண்டு எதையோ பின்னிப் பின்னி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்ணின் அப்பா நாடகத்தில் நடிக்கிறார் என்று செபஸ்தியம்மாளுக்குச் சொல்லியிருந்தார்கள். என்ன வேஷம் என்று சொல்லவில்லை. தங்கவயலில் இப்படி நாடகம் கிடையாதாம். அன்று அவள் முன்வரிசையில் உட்கார்ந்து, அப்பா பையைக் குலுக்கியபோது மண்ணை வாரித் தூற்றினாள். நாடகம் முடிந்து எதிர்வீட்டு வராந்தாவுக்குப் போய் உட்கார்ந்தவள், தான் சபித்த அதே சிவப்புத் தாடி எங்கள் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் பால்காரம்மா படியில் இருந்த கறையைப் பார்த்துவிட்டு, "யாரு மாடிதரம்மா இது?" என்றாள். யார் செய்தது என்று கேட்கிறாள். அம்மா தெருவை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாலை வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் சின்னப்பன் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து அம்மா கொடுத்த காபியை வாங்கிக்கொண்டார்.

"அந்தோணி, சொன்னா தப்பா நெனைக்காதே. அந்தம்மா நேத்துலேர்ந்து ஜெபமாலையைக் கீழ வைக்கல. முப்பது வீட்டுல போய் பொண்ணு எடுக்கறதான்னு கேக்கறாங்க."

"அது வேஷம்தானே சின்னப்பண்ணே. நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க" என்றார் அப்பா.

"எனக்குத் தெரியுதுப்பா. அவங்களுக்குத் தெரியணுமே."

"நீங்க எடுத்துச் சொல்லலையாண்ணே?"

"நான் இன்னாத்த சொல்றது? விருந்தாளி. வயசானவங்க வேற." சின்னப்பன் காபியை ஆற்றினார். "ஒண்ணு பண்ணு. பெரிய வெள்ளிக்கிழமை கோயில்ல எல்லாரும் இருக்கறப்ப, சிலுவைக்கு முன்னாடி நின்னு, இனிமே அந்த வேஷம் கட்டமாட்டேன்னு சொல்லிடு. அப்பால எல்லாம் சரியாப் பூடும்."

சமையலறையில் பிலோமி அம்மியில் அரைக்கிற சத்தம் நின்றது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இத்தினி வருஷமா நீங்கல்லாம் வந்து கூப்பிட்டதாலதானே கட்டினாரு? இப்ப அவரு ஒருத்தர் மட்டும் போய் சிலுவைக்கு முன்னாடி நிக்கணுமா?"

சின்னப்பன் காபியை ஒரு வாய் குடித்தார். அப்பாவைத்தான் பார்த்தார். அப்பா சமையலறைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "சரிண்ணே, சொல்லிடறேன்" என்றார். 

சொன்ன வார்த்தை

சொன்னபடி சொன்னார். பெரிய வெள்ளிக்கிழமை, எல்லாரும் சிலுவையை முத்தமிடுகிற சிலுவை முத்தி முடிந்ததும், கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றார். 'நான் இதுவரை போட்டுவந்த வேஷத்தை இனிப் போட மாட்டேன், ஆண்டவர் என் குடும்பத்தைக் காக்க வேண்டும்' என்று இரண்டே வாக்கியம். மேடையில் மைதானத்தின் கடைசி வரை கேட்கிற குரல், அன்று மூன்றாவது வரிசைக்கு எட்டவில்லை. செபஸ்தியம்மாள் தலையை ஆட்டினாள். நாங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். அன்று அப்பா வழக்கத்தைவிட அதிகமாகச் சிலுவை பன் வாங்கி வந்தார்.

ஈஸ்டர் திங்கள் காலையில் அம்மா அதிரசம் சுட்டாள். வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாம் பித்தளைத் தட்டில் அடுக்கியாயிற்று. பிலோமி நீலப்பட்டுக் கட்டி, பின்னலில் மல்லிகை வைத்து உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. வெயில் ஏறினதும் அம்மா வாசலுக்குப் போய் சின்னப்பன் சம்சாரத்தைக் கூப்பிட்டாள்.

அவள் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு சொன்னாள்: "அக்கா காலை ரயிலுக்கே போய்ட்டாங்க ஞானம். நானும் சொல்லிப் பாத்தேன். வெறும் வேஷம்னா எதுக்கு சிலுவைக்கு முன்னாடி போய் நிக்கணும், அந்த மனுஷனே ஊரறிய ஒத்துக்கினாரேன்னு சொல்லிட்டாங்க."

வாசகர்களே, இதை நீங்கள் இரண்டு தடவை படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. வேஷம் போட்டதால் பாவி என்றார்கள். வேஷத்தை விட்டுவிடு, சரியாகிவிடும் என்றார்கள். விட்டதும், விட்டதே பாவி என்பதற்கு அத்தாட்சி என்றார்கள். ஓடினாலும் அடி, நின்றாலும் அடி. இத்தனைக்கும் அந்த அம்மாள் கெட்டவள் இல்லை, பயந்தவள். நாடகம் பார்த்தே அறியாதவள். அவளை அருகில் உட்காரவைத்து, 'அம்மா, அது நடிப்பு, அந்த மனுஷன் தங்கம், எனக்கே அவர்தான் வசனம் எடுத்துக் கொடுக்கிறார்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல சின்னப்பனால் முடிந்திருக்கும். ஆண்டவர் வேஷக்காரர் சொன்னால் அவள் கேட்டிருப்பாள். அவர் காபியைத்தான் குடித்தார்.

அன்று பிலோமி அழவில்லை. பூவை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு அதிரசத்தைத் தூக்குப் பாத்திரத்தில் அடுக்கினாள். அந்த ஈஸ்டருக்குத் தெருவில் எந்த வீட்டுக்கும் எங்கள் தட்டு போகவில்லை.

அந்த வருஷம் வேறு யாரும் பெண் பார்க்க வரவில்லை. தங்கவயல்காரர்கள் வேண்டாம் என்று போன வீடு என்று அதற்கும் ஒரு பெயர் ஆயிற்று.

யாருக்கும் வேண்டாத வேஷம்

அடுத்த தபசுக் காலம் வந்தது. நாடகக்காரர்கள் கூட்டமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், சின்னப்பனைத் தலைமையாக வைத்துக்கொண்டு.

"நான் சிலுவைக்கு முன்னாடி வார்த்தை குடுத்திருக்கேன். நீங்கதானேண்ணே குடுக்கச் சொன்னீங்க" என்றார் அப்பா.

"வேற ஆளு இல்லியேப்பா."

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "ஏன், உங்க வூடுங்கள்ல ஆம்பளைங்க இல்லியா?"

இருந்தார்கள். ஆனால் ஒருவர் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். ஒருவர் மகனுக்கு. ஒருவருக்குத் தொண்டை சரியில்லை. ஒருவர் அம்மாவிடம் கேட்க வேண்டும் என்றார், அவருக்கே நரைத்திருந்தது. வெறும் வேஷம், விளையாட்டு, பக்தி என்று சொல்லிக்கொண்டு சாணி எறிந்த கைகளில் ஒரு கையாவது அந்தச் சுருக்குப் பையைத் தொடவில்லை. கடைசியில், அந்த வேஷமே வேண்டாம், சேவகர்கள் தாங்களாகவே வந்து பிடித்துக்கொண்டு போகட்டும் என்று தீர்மானித்தார்கள்.

போக வேண்டாம் என்று அம்மா சொன்னாள். "போகலேன்னா கோவிச்சிக்கினோம்னு நெனைப்பாங்க" என்று அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். கோபித்துக்கொள்ளவில்லையா என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆண்கள் பக்கத்தில் அப்பா, கயிற்றுக்கு இந்தப் பக்கம் பெண்களோடு நாங்கள் மூவரும். ஜமுக்காளத்தில் வேர்க்கடலைத் தோல் கிடந்தது. காஸ் விளக்கைச் சுற்றி ஈசல்.

இராப்போஜனம் ஒருமாதிரி ஒப்பேறியது. தோட்டக் காட்சி வந்தது. சேவகர்கள் தீவட்டியும் ஈட்டியுமாக இடது பக்கத்திலிருந்து வந்து நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நடந்து வர வேண்டியவன் இல்லை. சின்னப்பன் வாயைத் திறந்தார். வசனம் வரவில்லை. வழக்கம்போல் வானத்தைப் பார்த்தார். பிறகு வழக்கம்போல் இடது பக்கம் திரும்பினார். அங்கே யாரும் இல்லை. சேவகர்களும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பழைய பட்டாளத்துக் கிழவர் ஒருவர் உரக்கக் கேட்டார்: "ஏம்பா, இவங்களுக்கு ஆளை யாரு காட்டிக் குடுத்தாங்க?"

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் என் பக்கத்தில் பட்டென்று ஒரு அசைவு. பிலோமி எழுந்து நின்றிருந்தாள். வயசுப் பெண் கோயில் கூட்டத்தில் எழுந்து நிற்பதே அந்தக் காலத்தில் கேள்விப்படாத காரியம்.

"ஏன், இந்தத் தெருதான் காட்டிக் குடுத்துச்சு" என்றாள். அப்பாவின் மேடைக் குரல் அவளுக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. "எங்கப்பா நடிச்சாரு. நீங்க யாரும் நடிக்கல."

மைதானம் முழுக்க எங்கள் பக்கம் திரும்பியது. அம்மா அவள் கையைப் பிடித்து இழுப்பாள் என்று நினைத்தேன். அம்மா இழுக்கவில்லை. தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். மேடையில் சின்னப்பன் கை இரண்டையும் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். வியர்வையில் முகத்துப் பவுடர் வரி வரியாக வழிந்தது. அவரை அப்படிப் பார்க்க எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது. விடியும்வரை அவர் அப்படியே நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து, தாழ்ந்த குரலில், ஆனால் தெளிவாக, அந்த வரி வந்தது.

"என்னைக் கட்டுங்கள். என்னோடு இருப்பவர்களை விட்டுவிடுங்கள்."

அப்பாதான். இருந்த இடத்தில் இருந்தபடி எடுத்துக் கொடுத்தார். சின்னப்பன் அதைப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னார். சேவகர்கள் அவரைக் கட்டினார்கள். நாடகம் நடந்தது. கடைசிக் காட்சியில் தெரு வழக்கம்போல் அழுதது.

வீட்டுக்கு நடந்து வந்தபோது யாரும் எதையும் எறியவில்லை. எங்கள் முகத்தையே யாரும் பார்க்கவில்லை. பிலோமி எல்லாருக்கும் முன்னால் நடந்தாள். அந்த வருஷமே அவள் நர்ஸ் படிப்புக்குப் போனாள். பல வருஷங்கள் கழித்து, தன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒருவரை, யாரும் பெண் பார்க்க வராமலே, கட்டிக்கொண்டாள். எங்கள் தெருவுக்கு அவள் கல்யாணச் சாப்பாடு கிடையாது.

அன்று வழியில் நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன். "அவருக்கு ஏம்ப்பா எடுத்துக் குடுத்தீங்க?"

"நடு மேடையில ஒரு மனுஷன் பேச்சில்லாம நிக்கிறாம்மா. பாத்துக்கினு சும்னே குந்தியிருக்க முடியுமா?"

முடிந்திருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அப்பா போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, எனக்கு இந்தக் கோபம் மட்டும் ஆறவில்லை. நீலப்பட்டுக் கட்டிக்கொண்டு பிலோமி வெற்றிலைத் தட்டுக்கு முன்னால் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தாளே, அன்றைக்கு அந்தத் தெருவில் ஒருவர் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தார்களா?